இவர் புத்தகத்தில் நான் ஏறமாட்டேன்

மாசி 3, திங்கள்

வெயில். காற்று. மரமெல்லாம் மொட்டை. சருகு கணுக்காலை மூடுகிறது. நடந்தால் அப்பளம் நொறுங்கும் சத்தம். ரப்பர்ப் பால் குறைவு. வாளி பாதிகூட நிறையவில்லை.

காலையில் கேட்டில் வழக்கமான சண்டை. தோட்டத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்ட நாளிலிருந்து, வெளியே போகிறவர்கள் காவல்காரனிடம் அடையாள அட்டை காட்ட வேண்டும். ஒவ்வொருவராகக் காட்டினால் நேரமாகிறது என்று, எங்களை மேய்க்கும் மண்டோர் மாரிமுத்து எல்லாருடைய அட்டையையும் ஒரு சாக்குப் பையில் வாங்கி மொத்தமாகக் காட்டுகிறான். மாலையில் திருப்பிக் கொடுக்கிறான், நினைவிருந்தால். நான் கொடுப்பதில்லை. அட்டை வந்த நாள் முதல் கொடுத்ததில்லை.

“ஏன் பேச்சியண்ணி, ஒங்க மூஞ்சிய நான் தின்னுடுவேனா?”

“தின்னாலும் ஒனக்குச் செரிக்காது. வழிய விடு.”

பின்னால் சிரிப்பு. காவல்காரன் மட்டும் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, “பாகுஸ், மக்சிக்” என்றான். நல்லது அம்மா என்று அர்த்தம். இந்தத் தோட்டத்தில் என் முகத்தை ஒழுங்காகப் பார்ப்பவன் அவன் ஒருவன்தான்.

மாலை. இவர் செய்தி சொன்னார். பங்குனியில் கப்பல். இவருடைய ஆத்தா கடலுக்கு அந்தப்பக்கம், ஊரில் படுத்த படுக்கை. பார்க்கப் போகவேண்டும். மாரிமுத்து இவருக்குப் பங்காளி; அவன் தலைமையில் எங்கள் லயத்து வீடுகளிலிருந்து ஒரு கூட்டம் போகிறது. நாங்களும் அதில்.

“ஒரு பாஸ்போட்டு போதும். எம் பேர்ல எடுத்து, சம்சாரம்னு ஒன்னையும் அதுலயே ஏத்திக்கலாம். எல்லாரும் அப்படித்தான் போறாங்க.”

நான் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தேன். அதைச் சம்மதம் என்று நினைத்துக்கொண்டார். நினைக்கட்டும். ரசத்தில் உப்பு கூடிவிட்டது. அதையும் குடித்துவிட்டுப் போனார்.

மாசி 5, புதன்

வேலை முடிந்து பாடாங் செராய்க்கு நடந்தேன். வழியெல்லாம் தூசி. கனகத்துக்கு முருங்கைக்கீரை, இரண்டு முட்டை.

என் மகள் கனகத்துக்கு ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டும் தங்கவில்லை. அதனால் நடக்கும்போதுகூட வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு நடக்கிறாள். மருமகன் சைக்கிள் கடையில் வேலை. நல்லவன், வாய்தான் இல்லை.

“ஆனி கடைசியில நாளும்மா. வந்துருவல்ல?”

“வைகாசியிலயே வந்துருவேன்.”

“எல்லாரும் வந்துருவேன்னுதான் போறாங்க.”

கீரையை ஆய்ந்து கொடுத்துவிட்டு வந்தேன். கேட் மூடுவதற்குள் ஓட்டமும் நடையும். முழங்கால் வலி.

வாங்க வேண்டியவை: தடித்த துணி, தையல் நூல், மெழுகு, கால் எண்ணெய்.

மாசி 7, வெள்ளி

பேனாவை அழுத்தி எழுதுகிறேன். கோபத்தில்தான்.

பால் நிறுக்கும் கொட்டகைக்குப் பின்னால், தொட்டி ஓரம் வாளி கழுவிக்கொண்டிருந்தேன். தொட்டிக்கு அந்தப் பக்கம் மாரிமுத்துவும் இவரும். நான் இருப்பது தெரியாது.

“அண்ணே, ஆத்தாவப் பாத்துக்க ஒரு ஆள் வேணும்ல? அண்ணிய அங்க விட்டுட்டு வாங்க. ஒங்க அக்கா மக சும்மாதான கெடக்கா. அவள அண்ணி பேர்ல ஏத்திக் கூட்டியாந்துடலாம். மரம் சீவ ஒரு ஆளுமாச்சு.”

“அது எப்படிடா? அவளுக்கு என்ன வயசு, இவளுக்கு என்ன வயசு?”

“துரைமாருக்கு நம்ம பொம்பளைங்க எல்லாம் ஒரே வயசுதாண்ணே. புருசன் பொண்டாட்டி சேந்து எடுத்த சின்னப் படம், அதுல முக்காடு. எவ மூஞ்சி எவளுக்குத் தெரியுது? ஐசி அட்டகூட தொலஞ்சிருச்சுன்னு சொல்லி புதுசு எடுத்துக்கலாம்லா. அஞ்சலைக்கு நடக்கலியா?”

இவர் சிரித்தார். “பாப்போம்” என்றார்.

மாட்டேன் என்று சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். சிரித்தார். பாப்போம் என்றார்.

அஞ்சலை கதை இந்தத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். என் நிரைக்கு அடுத்த நிரையில் மரம் சீவியவள். பாடிக்கொண்டே சீவுவாள். உலகச் சண்டை முடிந்து மறுபடி கப்பல் விட்ட புதிதில், புருசன் காகிதத்தில் மனைவி என்று பெயர் ஏறி ஊருக்குப் போனாள். மாமியாருக்கு உடம்பு முடியவில்லை. புருசன் திரும்பி வந்தான். கூடவே அஞ்சலையும் வந்தாள் என்றார்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன். லாரியிலிருந்து இறங்கியவள் வேறு ஒருத்தி. அந்தப் புருசனுடைய செத்துப்போன தம்பியின் பெண்டாட்டி.

காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில், தோட்ட ஆபீசுக் கிராணி “அஞ்சலை” என்று பேர் வாசித்தார். அவள் “ஐயா” என்றாள். அவ்வளவுதான் முடிந்தது. பிறகு அடையாள அட்டையும் அந்தப் பெயரிலேயே வந்தது. எங்கள் அஞ்சலை அங்கேயே இருக்கிறாள், மாமியாருக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டு. அவள் இங்கே இருப்பதாக இரண்டு நாட்டுக் காகிதமும் சொல்லுகிறது. எப்படித் திரும்பி வருவாள்?

வந்தவளை நான் ஒருநாளும் அஞ்சலை என்று கூப்பிட்டதில்லை. “இந்தாம்மா” என்பேன். அதற்கே திரும்பிப் பார்ப்பாள்.

மாசி 8, சனி

தலைவலி. கிராணி ஐயாவைப் பார்க்கப் போனேன். யாழ்ப்பாணத்தார். வேதக்காரர். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பேசுவார்.

“பேச்சியம்மா, ஏன் இந்தக் கரைச்சல்? மனுசன்ர பாஸ்போட்டில ஒரு வரி எழுதினாக் காணும்தானே.”

“ஒரு வரியா நான் போகமாட்டேங்க. எனக்குத் தனிப் பொஸ்தகம் வேணும். எம் படம் மட்டும். முக்காடு இல்லாம.”

“இந்தத் தோட்டத்தில ஒரு பொம்பிளையும் இதுவரைக்கும் கேக்கேல்லை.”

“அதனாலதாங்க கேக்கறேன்.”

கண்ணாடியை மறுபடி துடைத்தார். “நீர் கேக்கிறது பிழையில்லை. ஆனா உம்மட மனுசன் சம்மதமெண்டு கைநாட்டு வைக்கவேணும். அதில்லாமல் நான் அனுப்பேலாது.”

ஆக, இவரிடமிருந்து தப்பிக்க இவர் கைநாட்டு வேண்டும். நல்ல சட்டம். போட்டவன் ஆம்பிளையாகத்தான் இருப்பான்.

மாசி 9, ஞாயிறு

சண்டை. சுருக்கமாக எழுதுகிறேன்.

இவர்: தனிப் புத்தகம் எதற்கு, நான் என்ன செத்தா போய்விட்டேன்?

நான்: கைநாட்டு வை.

இவர்: ஊர் சிரிக்கும். பொண்டாட்டி புருசனை நம்பவில்லை என்று சொல்லும்.

நான்: ஊர் சொல்வது சரிதான். வை.

இவர்: யாரோ உனக்கு ஓதிவிட்டார்கள். இந்த எழுத்துப் படித்ததுதான் வினை.

எழுத்து எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கடலை மடித்த தாள், மருந்துப் புட்டி, கோயில் சுவர் என்று பார்த்துப் பார்த்துப் பிடித்தது. அதை வினை என்கிறார்.

கொட்டகையில் கேட்டதைச் சொல்லவில்லை. சொன்னால் சத்தியம் செய்வார். சத்தியம் வேண்டாம் எனக்கு, கைநாட்டு வேண்டும்.

இனி பேச்சில்லை. சோறு உண்டு.

மாசி 12, புதன்

மேகம் கட்டிக் கலைந்தது. பேச்சில்லாமல் மூன்று நாள். வீடு நன்றாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் வாசலில் நிழல். அஞ்சலை என்று பேர் போட்டவள். கையில் ஒரு சீப்பு பிசாங் மாஸ், அந்தக் குட்டி வாழைப்பழம். என் வீட்டு வாசலுக்கு அவள் வந்தது இதுதான் முதல் தடவை.

“இந்தாம்மா, என்ன?”

“ஒண்ணுமில்லக்கா. தனிப் பொஸ்தகம் கேட்டீங்களாமே. தண்ணிக் கொழாயில பேசிக்கிட்டாங்க.”

“கேட்டா ஒனக்கென்ன?”

அவள் போகவில்லை. வாசற்படிக்குக் கீழே குந்தினாள். உட்காரச் சொல்லவுமில்லை நான்.

“விடாதீங்கக்கா. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

“நீ சொல்றியா இத?”

“நாந்தான் சொல்லணும். எங்கிட்ட யாரு கேட்டா? ஏறுன்னாங்க, ஏறினேன். கப்பல்ல பூரா சொல்லிக் குடுத்துக்கிட்டே வந்தாங்க. ஒம் பேரு அஞ்சலை, ஒங்கப்பன் பேரு இது, நீ பொறந்த ஊரு இது. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும்னாங்க. சொன்னேன். இப்பவும் யாராச்சும் பின்னால கூப்பிட்டா கொஞ்சம் நிதானிச்சுத்தான் திரும்பறேன்.”

கொடியில் துணி படபடத்தது. நான் எடுக்கப் போகவில்லை.

“எம் பேர யாரும் கூப்பிட்டே ரொம்ப நாளாச்சுக்கா. நீங்க மட்டும்தான் என்னைய அஞ்சலைன்னு கூப்பிடல. கோவத்துலதான் கூப்பிடலன்னு தெரியும். இருந்தாலும் எனக்கு அது நல்லாருக்கும்.”

பிறகு அவளுடைய சொந்தப் பெயரைச் சொன்னாள். அழகான பெயர். இந்த நோட்டில் எழுதமாட்டேன். இது யார் கையிலாவது கிடைத்தால் அவளுக்குத்தான் வம்பு. துரை ஆபீசு, மாத்தா மாத்தா, எல்லாரும் வந்துவிடுவார்கள். மாத்தா மாத்தா என்றால் இங்கே போலீசு.

என் பங்குக்கு நான் செய்தது தவறு என்றும் எழுதப்போவதில்லை. எங்கள் அஞ்சலைக்காக யாராவது ஒருத்தி கோபப்பட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் கோபத்தை இவள்மேல் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன், போடவேண்டிய ஆம்பிளைகள் நிழலில் உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கிறார்கள்.

கொட்டகையில் கேட்டதை அவளிடம் மட்டும் சொன்னேன். பழம் நல்ல இனிப்பு. கருவாட்டுக் குழம்பு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன்.

மாசி 16, ஞாயிறு

சம்பவம்.

கடை வாசல் மரத்தடியில் ஆம்பிளைகள் சீட்டு. மாரிமுத்து, இவர், இன்னும் சிலர். நான் உப்புப் புளி வாங்க நின்றேன். அவள் குடத்தோடு வந்தாள். போகிற போக்கில் நின்றாள்.

“பெரியண்ணே,” என்றாள் இவரைப் பார்த்து. குரல் தேன்போல. “ஒரு சந்தேகம். பேச்சியக்கா பேரு எப்பக் காலியாகுது?”

சீட்டு நின்றது.

“எனக்கு இருக்கற பேரு பழசாப் போச்சுண்ணே. வேற பேரு கெடச்சா மாத்திக்கலாம்னு பாக்கறேன்.”

“ஏய், வாய மூடிக்கிட்டுப் போ” என்றான் மாரிமுத்து.

“எந்த வாய மூடணும் மாரிமுத்தண்ணே? அஞ்சலை வாயையா, என் வாயையா?”

யாரோ ஒருவர் சிரித்து, இருமுவதுபோல் மாற்றிக்கொண்டார். கடைக்காரச் சீனன் புரியாமல் எல்லார் முகத்தையும் பார்த்தான். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, அவசரமில்லாமல், தண்ணீர் தளும்பாமல் போனாள். அந்த நடையை எங்கள் அஞ்சலை பார்த்திருக்க வேண்டும்.

இவர் சீட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

“நீ கொட்டாயில இருந்தியா அன்னிக்கு?”

“இருந்தேன்.”

“நான் சரின்னு சொல்லலியே.”

“மாட்டேன்னும் சொல்லல.”

புளி நல்ல புளி. உப்பில் மண்.

மாசி 17, திங்கள்

கைநாட்டு வைத்துவிட்டார்! தானாக ஆபீசுக்குப் போய், கிராணி ஐயாவிடம், “எங்க அமுக்கணும்?” என்று கேட்டாராம். வெட்கமா, பயமா, தெரியாது. நானும் கேட்கவில்லை.

வேட்டியில் மை. துவைத்தேன். போகவில்லை. இருக்கட்டும்.

பேச ஆரம்பித்திருக்கிறேன். கொஞ்சமாக.

மாசி 19, புதன்

கூலிம் போனோம், படம் எடுக்க. பஸ்ஸில் கோழிக்கூடை, மூங்கில், ஒரு சீனக்கிழவியின் வாத்து. ரோட்டில் இரண்டு இடத்தில் சோதனை. இரண்டு இடத்திலும் அட்டையை நானே எடுத்து, நானே காட்டி, நானே வாங்கி வைத்தேன்.

படக்கடைச் சீனர் திரையைக் கட்டி நாற்காலி போட்டார். திரையில் மலை, ஏரி, அன்னம். என் தலையில் முந்தானையைப் போடச் சொல்லிக் கை காட்டினார். எல்லா அம்மாவும் அப்படித்தான் என்று மலாயில் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டேன். இவர் வெளியே நின்று, “அவ சொன்னபடி எடுத்துருங்க தவுக்கே. இல்லன்னா பொழுது விடிஞ்சுரும்” என்றார்.

நெற்றி, காது, மூக்குத்தி, கழுத்து மரு, எல்லாம் தெரியும்படி எடுத்தாயிற்று. சிரிக்கவில்லை. சிரித்தால் வேறு ஆளாகத் தெரியும்.

ஒரு படம் கூடுதலாகக் கேட்டேன். கனகத்துக்கு.

மாசி 25, செவ்வாய்

அலோர் ஸ்டார். விடிகாலைக் கிளம்பி, மத்தியானம்தான் சன்னலுக்கு முன்னால் நின்றோம். பாஸ்போர்ட் கொடுக்கும் பெரிய ஆபீசு. மேலே காற்றாடி சுற்றுகிறது, காற்றைக் காணோம். இவர் வெளியே சுருட்டு.

மலாய்க் குமாஸ்தா கேட்பதை ஒரு தமிழ்ப் பியூன் தமிழில் சொன்னான்.

“ஒங்க வீட்டுக்காரர் பேரு என்னங்கம்மா?”

நான் பேசவில்லை.

“பேரு தெரியாதுங்களா?”

“தெரியும்.”

“சொல்லுங்க.”

“சொல்லமாட்டேன்.”

பியூனுக்குப் புரிந்துவிட்டது. அவன் அம்மாவும் இப்படித்தானாம். ஆனால் குமாஸ்தாவுக்குப் புரியவில்லை. புருசன் பேர் தெரியாத பெண் எப்படி மனைவியாவாள் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இவ்வளவு தூரம் வந்து, இதிலா?

தாள் கேட்டேன். எழுதினேன். எழுதலாம், வாயால்தான் சொல்லக்கூடாது. அப்படி நானே வைத்துக்கொண்ட சட்டம். பியூன் அதை வாங்கி, குமாஸ்தாவுக்குக் கேட்கட்டும் என்று உரக்க வாசித்தான்.

வெளியிலிருந்து இவர் சுருட்டை எறிந்துவிட்டு ஓடிவந்தார். “என்னையாங்க கூப்பிட்டீங்க?”

ஆபீசே சிரித்தது. குமாஸ்தாவும்.

அடுத்தது அங்க அடையாளம். கழுத்து மரு என்று எழுதப்போனார். போதாது என்றேன். இடது கையைச் சன்னலுக்குள் நீட்டினேன். முன்கையில் பச்சை குத்திய தேள். சின்ன வயதில் குறத்தி குத்தும்போது வலி பொறுக்காமல் கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டேன். அதனால் தேளுக்கு ஒரு கால் கிடையாது.

“தேளுன்னு மட்டும் போடாதீங்க. ஒரு காலு இல்லன்னும் போடச் சொல்லுங்க.”

“எதுக்கும்மா?”

“போடச் சொல்லுங்க தம்பி.”

குமாஸ்தா எண்ணிப் பார்த்துவிட்டு எழுதினார். வெளியே வரும்போது இவர் என் கையைப் பார்த்துக்கொண்டே வந்தார். இத்தனை வருஷத்தில் தேளின் கால்களை எண்ணியதில்லை போலிருக்கிறது.

அக்கா மகள் கையில் குத்த, ஒரு கால் இல்லாத தேளுக்கு இனி எங்கே போவார்கள்?

பஸ்ஸில் தூங்கிவிட்டேன். நல்ல தூக்கம்.

பங்குனி 10, புதன்

மரத்தில் தளிர். செம்பு நிறம். முதல் மழையும் பெய்துவிட்டது; மண் வாசனை.

புத்தகம் வந்துவிட்டது.

கிராணி ஐயா கையில் கொடுத்தார். “இந்தாரும் பேச்சியம்மா, உம்மட சொந்தப் பாஸ்போட்டு. பத்திரம்.” இவருடையது தனி. என்னுடையது தனி. முதல் பக்கத்தில் என் பெயர். அதற்கு முன்னால் யார் பெயரும் இல்லை. உள்ளே என் முகம், ஏரி அன்னமெல்லாம் வெட்டிப்போய், முகம் மட்டும். கோபமாகத்தான் இருக்கிறேன். நான்தான்.

மாரிமுத்து உடனே வந்துவிட்டான். “குடுங்கண்ணி, எல்லாரும் எங்கிட்டதான குடுக்கப் போறாங்க. கப்பல் கேட்டுல மொத்தமா காட்டிரலாம். பொம்பளைங்க கையில இருந்தா தொலஞ்சிரும். அப்புறம் சூசா, எல்லாருக்கும் கஷ்டம்.”

“தொலஞ்சா என்னுது தொலயட்டும். ஒனக்கு ஏன் சூசா?”

தடித்த துணியில் பை தைத்தேன். இரட்டைத் தையல். உள்ளே மெழுகுத் தாள். வாய்க்குச் சுருக்கு, அதற்கு மேல் ஓர் ஊக்கு. இடுப்பில், புடவைக்கு உள்ளே. குனிந்தால் குத்துகிறது. பழகிக்கொள்ளலாம்.

பங்குனி 14, ஞாயிறு

பாடாங் செராய். கனகத்துக்கு இரவில் பிள்ளை உதைக்கிறதாம். கையை வைத்துப் பார்த்தேன். நன்றாக உதைக்கிறது. பிடிவாதம் என் பக்கம்.

கூடுதல் படத்தைக் கொடுத்தேன். பாஸ்போர்ட்டின் நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதி அதையும் கொடுத்தேன். எங்கே வைக்கச் சொன்னேன் என்பதை இதில் எழுதவில்லை. நம்பரையும் எழுதவில்லை.

“நாளைக்கு எவளாச்சும் வந்து, நாந்தான் பேச்சின்னு சொன்னா, கையக் காட்டச் சொல்லு.”

“அம்மா! ஒன்னைய எனக்குத் தெரியாதா?”

“ஒனக்குத் தெரியும். ஆபீசுல இருக்கறவனுக்குத் தெரியணும்ல.”

சிரித்தாள். இந்த மாசத்தில் இப்போதுதான் அவள் சிரித்துப் பார்க்கிறேன்.

“அப்ப வந்துருவ” என்றாள். கேள்வியாக இல்லை.

பங்குனி 19, வெள்ளி

மூட்டை கட்டினேன். புடவை மூன்று. ஆத்தாவுக்குக் கம்பளி. மாங்காய் ஊறுகாய். சீனத் தைலம். பழைய செருப்பு. புதுசைக் கப்பலில் திருடுவார்கள்.

அவள் வந்தாள். இப்போது வாசற்படிக்கு மேலேயே உட்காருகிறாள். எங்கள் அஞ்சலையின் ஊர், இவர் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு பொழுதில் போய்விடலாமாம். போவேன் என்றேன். இவர் வராவிட்டாலும் போவேன்.

“அக்காவப் பாத்தா ஒண்ணு சொல்லுங்க. அந்தப் பேர நான் அழுக்காக்காம வச்சிருக்கேன்னு சொல்லுங்க. அவங்களுக்குத் திரும்பி வர வழியிருந்து வந்தா, அன்னிக்கே குடுத்துருவேன்.”

“நீ என்ன பண்ணுவ?”

“எனக்குத்தான் சொந்தமா ஒண்ணு இருக்கே.”

கிராணி ஐயாவைக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. இரண்டு பேருக்கும் கெடுதல் வராமல், இரண்டு பெயரையும் அவரவரிடம் சேர்க்க ஒரு வழி இல்லாமலா போகும்? எழுதிக் கேட்க எங்கேயாவது ஓர் ஆபீசு இருக்கும். நான் திரும்பி வந்ததும் அதுதான் முதல் வேலை. கனகத்தின் பிரசவம் முதல். பிறகு அது.

பங்குனி 20, சனி. கூலிம் பஸ் நிற்கும் இடம்

பெட்டிமேல் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணல். பினாங்குக்குப் போகும் பஸ் இன்னும் வரவில்லை. வெயில் ஏறுகிறது.

காலையில் லாரி கிளம்புமுன் லயமே கேட்டுக்கு வந்துவிட்டது. அவளும் வந்தாள். லாரியில் ஏறி நின்று அவளைக் கிட்டே வரச் சொல்லி, குனிந்து காதருகில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி, போய்வருகிறேன் என்றேன். அவள் நிதானிக்கவில்லை. சட்டென்று திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

மாரிமுத்து பிஸ்கோத்து டப்பா ஒன்றைக் கொண்டுவந்து எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் அதில் வாங்கிக்கொண்டான். இவரும் போட்டார். என் முறை வந்ததும் டப்பாவை நீட்டினான். நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தேன். “அண்ணிக்கு இடுப்புல பேங்கு இருக்கு” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். லாரி முழுவதும் அதே பேச்சு. இவர் மட்டும் டப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இங்கே இறங்கியதும் டப்பாவைக் காப்பிக்கடை மேசையில் வைத்துவிட்டு மாரிமுத்து வெற்றிலை வாங்கப் போனான். அவ்வளவு பேருடைய முகமும் பெயரும் மேசையில், ஒரு மூடிக்குள். பக்கத்து மேசையில் யார் யாரோ. ஈ மொய்க்கிறது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பேசவில்லை. பேசிப் பேசி வாய் ஓய்ந்துவிட்டது.

இவர் எழுந்தார். போய் டப்பாவைத் திறந்தார். ஒவ்வொன்றாகப் பிரித்துப் படத்தைப் பார்த்தார்; எழுத்துத் தெரியாது, முகம் தெரியும். தன்னுடையதை எடுத்துக்கொண்டு மூடியை மூடினார். என்னிடம் வந்தார்.

“இத ஒம் பையில வையி.”

“பை சின்னது.”

“பேச்சி.”

“என் கையில குடுத்தா திரும்ப வாங்க முடியாது. இங்க வந்து எறங்கற அன்னிக்குத்தான்.”

“தெரியும். அதுக்குத்தான் குடுக்கறேன்.”

வாங்கினேன். மறைவுக்குப் போய்ச் சுருக்கை அவிழ்த்து, என்னுடையது உள்பக்கம், இவருடையது வெளிப்பக்கமாக வைத்து ஊக்குப் போட்டேன். இடம் இருந்தது. இப்போது இரண்டும் குத்துகிறது.

இனி நான் இல்லாமல் இவரும் கப்பல் ஏற முடியாது.

காப்பிக்கடையிலிருந்து மாரிமுத்துவின் கூச்சல். “ஒரு பொஸ்தகம் கொறயுதே! யாரு எடுத்தது? அண்ணே!” இவர் தலையைக் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறார். தோள் குலுங்குகிறது. சிரிக்கிறார்.

பஸ் வந்துவிட்டது. பேனா மூடி எங்கே